ஓட்டத்தில் கால் நொந்தபின் எந்தத் தண்ணீர், யாருடன்? குமரி மாவட்டத்து ஓட்டக்காரர்களுக்கு ஓர் ஒப்பீடு

நாற்பதை ஒட்டிய வயதில் ஓடத் தொடங்கியவர்கள் நம் மாவட்டத்தில் இப்போது நிறையப் பேர். விடிவதற்கு முன்பே நாகர்கோவிலில் மைதானத்தைச் சுற்றுகிறார்கள். சங்குத்துறை, சொத்தவிளை பக்கம் கடற்கரைச் சாலையில் ஓடுகிறார்கள். தக்கலை, திருவட்டாறு பக்கத்து ஏற்ற இறக்கங்களில் மூச்சு வாங்குகிறார்கள். சில ஆண்டுகள் போனதும் இவர்களில் பலருடைய பேச்சு தூரத்தையும் நேரத்தையும் விட்டு முழங்காலுக்கும் குதிகாலுக்கும் வந்துவிடுகிறது. டாக்டரிடம் போனால், "கொஞ்ச நாள் ஓட வேண்டாம், நீச்சல் நல்லது" என்பார். நல்ல ஆலோசனைதான். ஆனால் எங்கே நீந்துவது, யாரோடு நீந்துவது, நீந்தவே தெரியாதவர் எங்கிருந்து தொடங்குவது என்பதையெல்லாம் நாம்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவுக்கு உதவவே இதை எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓட்டத்தால் காயப்பட்ட ஒருவருக்கு, அவர் நீச்சலில் அரிச்சுவடி தெரியாதவராக இருந்தாலும், ஒரு கோச்சின் கண் முன்னால் பெரியவர்கள் சேர்ந்து பயிற்சி எடுக்கும் பேட்ச்தான் சரியான இடம். தனியாகக் குளத்துக்குப் போவதைவிட, ஆற்றிலோ கடலிலோ இறங்குவதைவிட, சைக்கிளைவிடவும்கூட. இதற்கு விதிவிலக்குகள் உண்டு. சில காயங்களுக்கு வேறு வழி வேண்டும், சிலருடைய சூழ்நிலைக்கும் வேறு வழி வேண்டும். அவற்றையும் பார்ப்போம்.

காயம் எது என்று தெரியாமல் தண்ணீரில் இறங்க வேண்டாம்

ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் தரை காலைத் திருப்பித் தள்ளும் விசை, உடல் எடையைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு. எழுபது கிலோ உள்ளவருக்கு அடிக்கு அடி 140 முதல் 210 கிலோ என்று கணக்கு. தண்ணீரில் இது தலைகீழ். இடுப்பளவுத் தண்ணீரில் நின்றால் கால் தாங்குவது உடல் எடையில் ஏறத்தாழ பாதி, மார்பளவில் மூன்றில் ஒரு பங்கு, கழுத்தளவில் பத்தில் ஒரு பங்கு. நீட்டிப் படுத்து நீந்தும்போது கால் தாங்க வேண்டியது எதுவுமே இல்லை. டாக்டர்கள் நீச்சலைச் சொல்வதன் காரணம் இதுதான்.

ஆனால் "நீச்சல்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் போதாது. முழங்காலின் உள்பக்கத்தில் வலி இருப்பவரோ, உள்ளே இருக்கும் குருத்தெலும்பு கிழிந்தவரோ, பிரெஸ்ட் ஸ்ட்ரோக் உதையைத் தொடவே கூடாது. தவளையைப் போல முழங்காலை மடக்கி வெளிப்பக்கம் சுழற்றி உதைக்கும்போது, உள்பக்கத் தசைநார்தான் முறுக்கப்படுகிறது. நன்றாக நீந்துபவர்களுக்கே இந்த உதையால் முழங்கால் வலி வருவது விளையாட்டு மருத்துவத்தில் நன்கு அறியப்பட்டது. நம் ஊரில் பலர் முதலில் கற்றுக்கொடுப்பதும், வயதானவர்களுக்குச் சுலபம் என்று சொல்வதும் இந்த முறையைத்தான் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். முழங்கால்காரர்கள், கவிழ்ந்து படுத்துக் கைகளை மாற்றி மாற்றி வீசும் ஃப்ரீஸ்டைல், மல்லாந்து நீந்தும் பேக் ஸ்ட்ரோக் இரண்டோடு நிற்கட்டும்.

குதிகாலுக்கு மேல் உள்ள அக்கிலிஸ் தசைநாரில் வலி என்றால், நீந்துவதில் தொல்லை இல்லை. சுவரை உதைத்துத் திரும்பும் இடத்தில்தான் தொல்லை. முதல் சில வாரங்கள் சுவரைக் கையால் தொட்டு, உதைக்காமல் மெதுவாகத் திரும்பிக்கொள்ளலாம். காலில் மாட்டும் துடுப்பும் அதுவரை வேண்டாம். எனக்கு வந்தது உள்ளங்கால் தசைநார் வலி, காலையில் கட்டிலிலிருந்து இறங்கி வைக்கும் முதல் அடியில் ஆணி குத்துமே, அது. அதற்குத் தண்ணீருக்குள் ஒரு சிக்கலும் இல்லை. உடைமாற்றும் அறையிலிருந்து குளக்கரை வரை வெறுங்காலோடு கடினமான தரையில் நடப்பதுதான் பிரச்சினை. குளத்தின் விளிம்பு வரை ரப்பர் செருப்போடு போக அனுமதி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

எலும்பில் விரிசல் விழுந்தவர்கள் தனி ரகம். டாக்டர் அனுமதித்தபின் நீந்தலாம், இதயத்துக்கும் நுரையீரலுக்கும் வேலை கிடைக்கும். ஆனால் எலும்பு வலுப்பெறுவது எடை தாங்கும்போதுதான், அந்தச் சுமை நீச்சலில் கிடைப்பதில்லை. மாதவிடாய் நின்ற பெண்களும், எலும்பு அடர்த்தி குறைவு என்று பரிசோதனையில் தெரிந்தவர்களும், நீச்சலை மட்டுமே நம்பிவிடாமல் டாக்டர் சொல்லும் நாளிலிருந்து நடையையும் எடைப் பயிற்சியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அறுவைச் சிகிச்சைத் தழும்பு முழுதாக ஆறாதவர்கள் குளத்தின் பக்கமே போக வேண்டாம்.

சைக்கிளும் தண்ணீர் ஓட்டமும்

இவ்விரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போகலாம். சைக்கிள் ஓட்டக்காரருக்குப் பழகிய உழைப்பைத் தருகிறது, கற்றுக்கொள்ளவும் ஒன்றுமில்லை. முழங்கால் சில்லுக்குப் பின்னால் வலி உள்ளவர் சீட்டை உயர்த்தி வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தாங்கும். ஆனால் மார்த்தாண்டம் வழிச் சாலையின் நெரிசலும் குறுகலும் தெரிந்தவர் யாரும் அங்கே காலைச் சைக்கிளை மனமாரப் பரிந்துரைக்கமாட்டார்கள். வீட்டுக்குள் நிற்கும் சைக்கிள் வேறு கதை. அதை விரும்புபவர்கள் விரும்பட்டும்.

இடுப்பில் மிதவைப் பட்டை கட்டிக்கொண்டு, கால் தரை தொடாத ஆழத்தில் ஓடுவது போலவே கை கால் வீசுவது தண்ணீர் ஓட்டம். பயிற்சி பெற்ற ஓட்டக்காரர்கள் நான்கு முதல் ஆறு வாரம் வரை தங்கள் திறனை இதனால் தக்கவைத்துக்கொள்ள முடியும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இரண்டு மாதத்தில் போட்டி இருக்கிறது, அதற்குள் கால் ஆற வேண்டும் என்பவருக்கு இதுவே முதல் தேர்வு. மற்றவர்களுக்கு இதில் ஒரு குறை உண்டு. புதிதாக எதையும் கற்றுக்கொடுக்காது. கால் ஆறியதும் பட்டையைக் கழற்றி வைத்துவிடுவோம், மறுபடி கால் நொந்தால் மறுபடி பட்டை.

நம்மைச் சுற்றி இருக்கும் தண்ணீர்

"நம்ம ஊர்ல இல்லாத தண்ணியா, காசு குடுத்து எதுக்கு நீந்தணும்?" என்ற கேள்வியை நான் அடிக்கடி கேட்கிறேன். நியாயமான கேள்வி. பழையாறு, குழித்துறை தாமிரபரணி, கோதையாறு, கிராமத்துக்குக் கிராமம் குளம், அனந்தனார் சானல், தோவாளை சானல் என்று தண்ணீரோடே வளர்ந்த ஊர் இது. இங்கே ஐம்பதைத் தாண்டிய பலர் படித்துறையில்தான் நீச்சல் கற்றார்கள். அவர்களுக்குத் தண்ணீர் பயம் இல்லை. மல்லாந்து மிதக்கத் தெரியும், முங்கத் தெரியும். பேட்ச்சில் சேரும்போது இது பெரிய மூலதனம்.

ஆனாலும் காயத்துக்குப் பிந்தைய பயிற்சிக்கு இந்த நீர்நிலைகளை நான் சொல்லமாட்டேன். சானலில் வழக்கமாக ஜூன் முதல் பிப்ரவரி வரைதான் பாசனத் தண்ணீர், கோடையில் வறண்டுவிடும். ஓடும் காலத்திலும் இழுவை ஒரே திசையில் என்பதால் அளந்து நீந்த முடியாது. ஆற்றில் மழை பெய்த மறுநாள் தண்ணீரின் வேகமும் நிறமும் மாறிவிடும், படித்துறையின் பாசி வழுக்கும். ஏற்கெனவே நொந்த காலோடு வழுக்குப்பாறையில் கால் வைப்பது நல்லதல்ல. தேங்கிக் கிடக்கும் குளங்களில் இன்னொரு கவலையும் சேர்ந்திருக்கிறது. 2024, 2025 ஆண்டுகளில் பக்கத்துக் கேரளத்தில் அமீபா மூளைக்காய்ச்சல் பலரைப் பாதித்தது. வெதுவெதுப்பான நன்னீரில் வாழும் அந்த அமீபா மூக்கு வழியாக மூளைக்குப் போகிறது. அரிதான நோய்தான், ஆனால் வந்தால் பிழைப்பது கடினம். தலையை முக்கி மூச்சுப் பழகும் ஒருவருக்கு மூக்கில் தண்ணீர் ஏறாமல் இருக்கவே முடியாது. எலிக்காய்ச்சலும் மழைக்காலத் தேக்கத்தில் உண்டு.

கடல் விஷயத்தில் இன்னும் கண்டிப்பாகச் சொல்கிறேன். 1892 டிசம்பரில் விவேகானந்தர் பாறைக்கு நீந்திப் போனார் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கடலில் நீந்தும் ஆசை நமக்கு இயல்பாகவே உண்டு. ஆனால் தென்கோடியின் கடல், நீச்சல் கற்கும் இடம் ஆகாது. 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் அலை இழுத்துப்போய் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்தார்கள். அது கள்ளக்கடல் காலம். தெற்கே, இந்தியப் பெருங்கடலின் வெகு தொலைவில் எழும் புயலால் கிளம்பும் நீண்ட அலை, நம் கரையில் காற்றே இல்லாத வெயில் நாளில் திடீரென்று வந்து ஏறுவதைத்தான் கடலோர மக்கள் அப்படி அழைக்கிறார்கள். ஹைதராபாத்தில் இருக்கும் இந்தியக் கடல் தகவல் மையம் முன்கூட்டியே எச்சரிக்கை கொடுக்கிறது. மீனவர் ஊர்களில் பெரியவர்கள் அந்த நாளில் கடலின் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். ஃப்ரீஸ்டைலில் பக்கவாட்டு மூச்சு இன்னும் வசப்படாத ஒருவர் அங்கே இறங்கக் கூடாது. பல ஆண்டு பழகியபின், படகு துணையோடு, கரையறிந்தவர்களோடு போவது வேறு விஷயம்.

தனியாகக் குளத்துக்குப் போவது

சரி, நீச்சல் குளம்தான் என்று முடிவாகிவிட்டது. தனியாகப் போய் நீந்தினால் என்ன? சுதந்திரம் இருக்கிறது, நேரம் நம் கையில். யூடியூப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம் என்றும் தோன்றும். இந்த வழி ஓட்டக்காரர்களிடம் தோற்பதற்குத் தெளிவான காரணங்கள் உண்டு. இந்தக் கட்டுரையில் நான் அதிகம் சொல்ல விரும்புவது இதைத்தான்.

ஓட்டக்காரரின் இதயமும் நுரையீரலும் நன்றாகப் பழகியவை. அந்த பலத்தை நம்பி முதல் நாளே வேகமாக அடிப்பார். 25 மீட்டர் முடிவதற்குள் மூச்சு முட்டும். பத்து கிலோமீட்டர் ஓடுபவருக்கு இது பெரிய அடி. "எனக்கு ஸ்டேமினா போயிடுச்சு" என்பார். ஸ்டேமினா எங்கும் போகவில்லை. தரையில் மூச்சு வேண்டும்போது வரும், தண்ணீரில் அதற்கு முறை உண்டு. முகம் தண்ணீருக்குள் இருக்கும்போதே மூச்சை முழுதாக ஊதி வெளியே விட வேண்டும், வாய் மேலே வரும் அந்த ஒரு நொடியில் உள்ளே இழுக்க வேண்டும். ஊதாமல் வைத்துக்கொண்டு மேலே வந்தால், அந்த நொடியில் விடுவதற்கும் இழுப்பதற்கும் நேரம் போதாது. உள்ளே கரியமில வாயு சேர்ந்து பதற்றம் வரும். கற்றுக்கொடுப்பவர் பக்கத்தில் இருந்தால் இது சில நாட்களில் சரியாகும். தனியாக இருப்பவர் மாதக்கணக்கில் திணறிக்கொண்டிருப்பார்.

அடுத்தது கால். ஓட்டக்காரரின் கால் தசை அடர்த்தியானது, கொழுப்பு குறைவு, அதனால் தாழும். கணுக்காலோ தரையில் ஊன்றி ஊன்றி இறுகியிருக்கும். பாதத்தைப் பின்னால் நீட்டச் சொன்னால் பாதி தூரம்தான் வரும். அந்தப் பாதத்தால் உதைத்தால் தண்ணீர் பின்னால் போகாது, கீழே போகும். கிக் போர்டு என்னும் மிதவைப் பலகையைப் பிடித்துக்கொண்டு ஆவேசமாக உதைத்தும் இருந்த இடத்திலேயே நிற்கும் ஓட்டக்காரர்களை எந்தக் குளத்திலும் பார்க்கலாம். பெரிய தொடைத் தசைகள் ஆக்சிஜனை ஏராளமாகத் தின்றுவிட்டு ஒன்றும் திருப்பித் தராத நிலை அது. இதற்கு மருந்து எதிர்த்திசையில் இருக்கிறது: உதையைக் குறைப்பது, தலையைத் தாழ்த்திக் குளத்தின் அடியைப் பார்ப்பது, தொடைகளுக்கு நடுவே புல் பாய் என்னும் நுரை மிதவையை வைத்துக் கையால் மட்டும் நீந்துவது. காயம்பட்ட கால் அப்போது முழு ஓய்வில் இருக்கும். தாமாகவே இதைக் கண்டுபிடிப்பவர்கள் மிகக் குறைவு. இன்னும் உழைத்தால் சரியாகும் என்றுதான் ஓட்டம் நமக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது.

படித்துறையில் கற்றவர்களுக்கு இன்னொரு சிக்கல். தலையைத் தூக்கிக்கொண்டு நீந்திப் பழகியிருப்பார்கள். தலை மேலே போனால் கால் கீழே போகும், கழுத்தும் முதுகும் வலிக்கும். நீந்தவே தெரியாதவர் மூச்சை முதல் நாளிலிருந்து முறையாகக் கற்றுக்கொண்டு இவர்களை முந்திப் போவதும் நடக்கிறது. ஆகவே "எனக்கு ஒண்ணுமே தெரியாதே" என்று தயங்குபவர்கள் தயங்க வேண்டியதில்லை.

தோளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 25 மீட்டர் நீளத்துக்கு இருபது, இருபத்தைந்து கைவீச்சு என்று வைத்தால் ஒரு கிலோமீட்டரில் இரண்டு தோளும் சேர்ந்து 800 முதல் 1000 முறை சுழல்கின்றன. கை குறுக்கே போய் விழும் பழக்கம் இருந்தால் அத்தனை முறையும் தோளின் தசைநார் உரசப்படும். தூரத்தைத் திடீரென்று கூட்டிக் காலைக் கெடுத்துக்கொண்ட ஒருவர், அதே வழியில் தோளையும் கெடுத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். யாராவது மேலிருந்து பார்த்துச் சொல்ல வேண்டும்.

தனிக் கோச்

அப்படியென்றால் ஒருவருக்கு ஒருவர் என்று கோச் வைத்துக்கொள்ளலாமே? தண்ணீரைக் கண்டாலே உடம்பு நடுங்குபவர்களுக்கு, சிறு வயதில் குளத்தில் மூழ்கிப் பிழைத்தவர்களுக்கு, நான் இதைத்தான் சொல்வேன். பத்துப் பேர் நடுவில் பயத்தைக் கையாள முடியாது. முகம் முக்குவது, மிதப்பது, சறுக்கிப் போவது, மூச்சு ஊதுவது வரை தனியாகக் கற்றுக்கொண்டு, 25 மீட்டர் நிதானமாகக் கடக்க வந்ததும் பேட்ச்சுக்கு மாறிவிடலாம். தொடர்ந்து தனிக் கோச் என்பது செலவு அதிகம். தவிர, கோச்சுக்கு ஒரு நாள் வேலை என்றால் நமக்கும் விடுமுறை. பக்கத்து லேனில் நம்மைவிடச் சற்று மேலாக நீந்தும் ஒருவரைப் பார்த்து உடம்பு தானாகக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பும் கிடைப்பதில்லை.

பேட்ச், அணி

பெரியவர்கள் பேட்ச் என்றால் பலருக்கு ஒரு தவறான எண்ணம். ஏற்கெனவே நன்றாக நீந்துபவர்கள் கூடும் இடம், நாம் போனால் தொந்தரவு என்று நினைக்கிறார்கள். உண்மையில் இந்த வகை நீச்சல் பிறந்ததே உடல்நலத்துக்காக. 1970-இல் அமெரிக்காவின் டெக்சாஸில் அமரில்லோ என்ற ஊரில் பெரியவர்களுக்கான முதல் தேசியப் போட்டி நடந்தது. அதற்காகப் பாடுபட்டவர் ரான்சம் ஆர்தர் என்ற கடற்படை மருத்துவர். வயது வந்தவர்களுக்கு ஓர் இலக்கு இருந்தால் உடற்பயிற்சியை விடமாட்டார்கள் என்பது அவருடைய நம்பிக்கை. இன்று அதுவே மாஸ்டர்ஸ் நீச்சல் என்ற பெயரில் உலகம் முழுவதும் இருக்கிறது. 25 வயதில் தொடங்கி ஐந்தைந்து ஆண்டுகளாகப் பிரிவு. நம் நாட்டிலும் இந்திய நீச்சல் கூட்டமைப்பு தேசிய மாஸ்டர்ஸ் போட்டிகளை நடத்துகிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ரிலே. நான்கு பேரின் வயதைக் கூட்டித்தான் பிரிவு: 100 முதல் 119, 120 முதல் 159, 160 முதல் 199, 200 முதல் 239 என்று போகும். 38, 45, 52, 61 வயதுள்ள நால்வர் சேர்ந்தால் கூட்டுத்தொகை 196, மூன்றாவது பிரிவு. இரண்டு ஆண், இரண்டு பெண் என்று கலப்பு ரிலேயும் உண்டு. ஒவ்வொருவரும் நீந்த வேண்டியது 50 மீட்டர் மட்டும். புதிதாகச் சேர்ந்தவருக்கு எட்டாத தூரமா இது? முறையாகப் போனால் சில மாதங்களில் வந்துவிடும். ஓட்டத்தில் பத்து, இருபத்தொன்று, நாற்பத்திரண்டு என்று தூரம்தான் நம்மைத் துரத்துகிறது. இங்கே வயது கூடுவதே அணிக்கு உதவுகிறது. அந்தக் கூட்டுத்தொகையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அறுபத்தொரு வயது அண்ணாச்சி ஒருவருடையது.

போட்டிக்குப் போகாதவர்களுக்கும் பேட்ச்சால் நன்மை உண்டு, அதுவும் காயப்பட்டவருக்குத் தனியாகவே உண்டு. கோச் பயிற்சியைச் சிறு துண்டுகளாக வெட்டிக் கொடுப்பார்: எட்டு முறை 25 மீட்டர், ஒவ்வொன்றுக்கும் நடுவே முப்பது நொடி ஓய்வு. அந்த ஓய்வை நாமாக ஒருபோதும் எடுக்கமாட்டோம். அடுத்தவர் கிளம்பும் வரை காத்திருக்க வேண்டியிருப்பதால் அது தானாகக் கிடைக்கிறது. கைக்கடிகாரத்தில் நாடித் துடிப்பைப் பார்த்துப் பழகியவர்களும் கவனிக்க வேண்டும். தண்ணீரில் அதே உழைப்புக்கு நாடி நிமிடத்துக்குப் பத்து வரை குறைவாகவே காட்டும். ஓட்டத்தின் எண்ணை இங்கே துரத்தினால் தேவைக்கு மேல் உழைத்துவிடுவோம்.

எங்கள் பேட்ச்சில் கோச் எல்லாரிடமும் ஒரே மாதிரிதான் பேசுவார். "அண்ணே, நீங்க இன்னும் ரோட்டுலதான் ஓடிட்டு இருக்கிய. மூச்சை உள்ளேயே விடுங்க, அப்புறம் வேகம் பாக்கலாம்" என்பார். பக்கத்து லேனில் ஆசிரியையாக வேலை பார்க்கும் அக்கா ஒருவர், "நானும் இப்படித்தான் முழிச்சேன், ரெண்டு வாரம் பொறுங்க" என்பார். ஓட்டம் நின்றுபோனவருக்கு வலியைவிடப் பெரிய இழப்பு, காலை ஐந்தரைக்குக் காத்திருக்கும் ஆட்கள் இல்லாமல் போவதுதான். ஓட்டக் குழுவின் அழைப்புகள் கைபேசியில் வந்துகொண்டே இருக்கும், போக முடியாது. அந்த இடத்தைத் தனி நீச்சலோ வீட்டுச் சைக்கிளோ நிரப்புவதில்லை. பேட்ச் நிரப்புகிறது. நான் இவ்வளவு அழுத்தமாகப் பேட்ச் பக்கம் நிற்பதற்கு உடலைவிட இதுவே பெரிய காரணம்.

பேட்ச் ஒத்துவராதவர்கள்

ஷிஃப்ட் வேலைக்காரர்கள், குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத்தான் வெளியே வர முடிந்தவர்கள், இவர்களுக்கு வாரம் மூன்று நாள் ஒரே நேரம் என்பது நடக்காது. அவர்கள் சில வாரம் தனிக் கோச்சிடம் அடிப்படையைக் கற்று, பிறகு தனியாக நீந்தி, மாதத்துக்கு ஒருமுறை கோச்சைப் பார்க்கச் சொல்லலாம். களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கத்தவர்கள் திருவனந்தபுரம் போகலாமா என்றும் கேட்கிறார்கள். அங்கே நல்ல குளங்கள் உண்டு. 2015 தேசிய விளையாட்டுப் போட்டியின் நீச்சல் நடந்த பிரப்பன்கோடு குளமும் அந்த மாவட்டத்தில்தான். ஆனால் போக்குவரத்து நெரிசலில் ஒரு மணி நேர நீச்சலுக்கு அதைவிட அதிகப் பயணம் என்றால் வாரம் ஒரு நாளைக்கு மேல் தாங்காது. தொடக்கக்காரருக்கு வாரம் ஒரு நாள் போதவே போதாது, முன்பு கற்றதை உடம்பு மறந்துவிடும். பக்கத்தில் இருக்கும் சாதாரணக் குளமே மேல்.

பெண்களுக்குக் கேள்வி வேறு. பெண்களுக்கென்று தனி நேரம் உண்டா, அந்த நேரத்தில் பெண் பயிற்சியாளரோ உயிர்காப்பாளரோ இருப்பாரா, உடைமாற்றும் அறை பூட்டக்கூடியதா என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும். முழங்கால் வரை அல்லது கணுக்கால் வரை மூடும் நைலான் நீச்சல் உடைகள் கிடைக்கின்றன, குளங்கள் அவற்றை அனுமதிக்கின்றன. பருத்தித் துணிதான் கூடாது. தண்ணீரை உறிஞ்சிக் கனக்கும். நான்கு பெண்கள் சேர்ந்து போய்க் கேட்டால் தனி பேட்ச் தொடங்கிவிடுகிற இடங்களும் உண்டு. ஒருவராகக் கேட்டால் "பார்க்கலாம்" என்பார்கள்.

சேரும் முன் குளத்தில் நின்று பத்து நிமிடம் பாருங்கள். அடித்தளத்தில் இருக்கும் கறுப்புக் கோடு ஆழமான முனையிலும் தெளிவாகத் தெரிய வேண்டும். கண்ணெரிக்கும் குளோரின் வாடை தூய்மைக்கு அடையாளம் என்று நினைக்க வேண்டாம். வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து உண்டாகும் வாடை அது, தண்ணீரைக் கவனிக்கவில்லை என்று பொருள். கோச்சிடம் உங்கள் காயத்தைச் சொல்லிவிட்டு, "பிரெஸ்ட் ஸ்ட்ரோக் வேண்டாம், சுவரை உதைக்க வேண்டாம்" என்று கேட்டுப் பாருங்கள். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்று தள்ளிவிடுகிறவர் குழந்தைகளுக்கு நல்ல கோச்சாக இருக்கலாம், உங்களுக்கு வேண்டாம். எந்தக் கால், எப்போதிலிருந்து, டாக்டர் என்ன சொன்னார் என்று திரும்பக் கேட்பவரிடம் சேருங்கள்.

செலவில் பெரிய பயம் வேண்டாம். ஓட்ட ஷூவை 500 முதல் 800 கிலோமீட்டருக்குள் மாற்றிப் பழகியவர்களுக்கு நீச்சல் கண்ணாடியும் தொப்பியும் சின்னச் செலவு. கண்ணாடியில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. தண்ணீர் கசியும் கண்ணாடி மூச்சுப் பழக்கத்தையே கெடுக்கும். மாதக் கட்டணம்தான் உண்மையான செலவு, பிசியோதெரபிக்கு ஆகும் தொகையோடு சேர்த்து யோசித்துக்கொள்ளுங்கள்.

கால் ஆறி, டாக்டரும் சரி என்று சொன்னபின் ஓட்டத்துக்குத் திரும்புபவர்கள் பேட்ச்சை உடனே விட்டுவிட வேண்டாம். முதல் மாதங்களில் ஓட்டத்தை வாரம் இரண்டு நாள், நடையும் ஓட்டமும் கலந்து வைத்துக்கொண்டு, அதற்கு நடுநாட்களில் நீந்தலாம். ஒரே நாளில் இரண்டும் வேண்டும் என்றால் ஓட்டம் முதலில், நீச்சல் பிறகு. களைத்த உடம்போடு நடை தடுமாறி ஓடுவதைவிட, களைத்த உடம்போடு மெதுவாக நீந்துவது காலுக்குப் பாதுகாப்பு.

எப்போது சேர்வது என்பதற்கும் நம் மாவட்டத்தில் ஒரு கணக்கு உண்டு. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, பிள்ளைகள் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் ஜனவரி, பிப்ரவரியில் குளங்களில் கூட்டம் குறைவு, கோச்சுக்கும் நேரம் இருக்கும். அப்போது தொடங்கினால், ஏப்ரல் மாதம் கோடை முகாமுக்குச் சிறுவர்கள் வந்து குவிவதற்குள் மூச்சு வசப்பட்டிருக்கும். கோடையில்தான் சேர முடிகிறது என்றால், முகாம் தொடங்கும் முன்னால், காலை ஆறு மணிக்கு முன்பே பெரியவர்கள் பேட்ச் உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் அந்த இரண்டு மாதம் தனிக் கோச்சிடம் மூச்சும் மிதப்பும் மட்டும் கற்றுக்கொண்டு, பள்ளி திறந்ததும் ஜூனில் பேட்ச்சுக்கு மாறிக்கொள்ளலாம்.